மெயில்ரூமை விற்ற கதை

1989 ஜூலை 25 அன்று வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் பீட்டர் டிரக்கர் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘மெயில்ரூமை விற்றுவிடுங்கள்’. டிரக்கர் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர், நிர்வாகவியல் என்ற துறைக்கே தாத்தா மாதிரி. அப்போது அவருக்கு வயது 79. அவர் சொன்னால் கம்பெனி முதலாளிகள் காது கொடுத்துக் கேட்பார்கள். கேட்டார்கள்.

அவுட்சோர்சிங் என்றதும் நமக்கு பெங்களூரும் ஓஎம்ஆரும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கோடு எழுதும் வேலை கடல் தாண்டி இங்கே வருவதற்கு முன்பே, அமெரிக்க அலுவலகங்களுக்கு உள்ளேயே ஒரு அவுட்சோர்சிங் நடந்து முடிந்திருந்தது. வேலை இடம் மாறவில்லை. அதே கட்டடம், அதே மேஜை, அதே தள்ளுவண்டி. சம்பளம் போடுகிற கம்பெனி மட்டும் மாறியது. அந்தக் கதையை மெயில்ரூம் என்ற ஒரே ஒரு அறையை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஏணியின் முதல் படி

நம்மூர் அரசு அலுவலகங்களில் தபால் பிரிவு, டெஸ்பாட்ச் என்று ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அமெரிக்கக் கம்பெனிகளின் மெயில்ரூம் அதற்கு அண்ணன். காலையில் மூட்டையாக வரும் தபாலைப் பிரித்து, புறாக்கூண்டு மாதிரி தடுப்பு போட்ட அலமாரியில் துறைவாரியாக அடுக்க வேண்டும். தள்ளுவண்டியில் ஏற்றி மாடி மாடியாகப் போய்க் கொடுக்க வேண்டும். ரிஜிஸ்டர் தபாலுக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். மாலையில் வெளியே போகிற தபாலை எடைபோட்டு, ஃபிராங்கிங் மெஷினில் முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. படிப்பு அதிகம் தேவையில்லை. ஆனால் ஒரு விசேஷம் உண்டு. எந்த அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார், யாருக்கு யாரிடமிருந்து கடிதம் வருகிறது என்பது முதலாளிக்கு அடுத்தபடியாக இந்தப் பையனுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் ‘மெயில்ரூமில் ஆரம்பித்து மேலே வந்தவர்’ என்ற கதை அமெரிக்காவில் ஒரு தனி வகை. சிட்னி வைன்பெர்க் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட புரூக்ளின் பையன். 1907-இல் கோல்ட்மேன் சாக்ஸில் துப்புரவுப் பணியாளருக்கு உதவியாளாகச் சேர்ந்தார். பால் சாக்ஸ் என்ற பங்குதாரர் கண்ணில் பட்டு மெயில்ரூமுக்கு வந்தார். அந்த அறையை ஒழுங்குபடுத்திக் காட்டினார். 1930-இல் கம்பெனிக்கே தலைவர். 1969-இல் இறக்கும்வரை அந்த இடத்தில் இருந்தார்.

ஷெப்பர்ட் மீட் 1930-களில் பென்டன் அண்ட் போல்ஸ் என்ற விளம்பர நிறுவனத்தின் மெயில்ரூமில் சேர்ந்து துணைத் தலைவர்வரை போனவர். அந்த அனுபவத்தைக் கிண்டலாக்கி 1952-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதுவே 1961-இல் பிராட்வே இசை நாடகமாகி, மறு வருடம் புலிட்சர் பரிசும் வாங்கியது. அதன் கதாநாயகன் முதலில் ஜன்னல் துடைப்பவன், அப்புறம் மெயில்ரூம், அப்புறம் கிடுகிடுவென்று மேலே.

இதில் எனக்குப் பிடித்தது டேவிட் கெஃபன் கதை. பின்னாளில் பெரிய இசைத்தட்டு முதலாளி, ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனர்களில் ஒருவர். 1964-இல் வில்லியம் மோரிஸ் என்ற கலைஞர் ஏஜென்சியின் நியூயார்க் மெயில்ரூமில் சேரும்போது, யுசிஎல்ஏ பட்டதாரி என்று பொய் சொல்லியிருந்தார். சரிபார்ப்புக் கடிதம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தால் குட்டு உடைந்துவிடும். என்ன செய்தார்? தினமும் சீக்கிரமே வந்து தபாலைத் துழாவி, அந்தக் கடிதத்தைப் பிடித்து, தனக்குச் சாதகமான இன்னொன்றை வைத்துவிட்டார். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். மெயில்ரூமில் இருப்பவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இந்தக் கதையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டிரக்கரின் கேள்வி

இதெல்லாம் ஜெயித்தவர்களின் கதை. ஒரு வைன்பெர்க் மேலே போனார் என்றால், ரிட்டயர் ஆகும்வரை அதே வண்டியைத் தள்ளியவர்கள் எத்தனை பேர்? பெண்களுக்கு அந்த ஏணியின் பக்கமே அதிகம் இடமில்லை. அவர்களுக்கு டைப்பிங் பிரிவுதான்.

டிரக்கர் கைவைத்தது இந்த இடத்தில். அவர் வாதத்தை என் வார்த்தைகளில் சுருக்குகிறேன். ஒரு வங்கியில் மெயில்ரூம் வேலையை எவ்வளவு திறமையாகச் செய்தாலும், அந்தத் திறமைக்காக உங்களை வங்கித் தலைவர் ஆக்கமாட்டார்கள். மேலே போக வேண்டுமானால் மெயில்ரூமை விட்டுத்தான் போக வேண்டும். ஆகவே துடிப்பானவர்கள் அங்கே தங்கமாட்டார்கள், நிர்வாகமும் அந்த அறையைத் திரும்பிப் பார்க்காது, வேலையின் தரம் உயராது. இதே வேலையைத் தன் முக்கியத் தொழிலாகவே செய்கிற தனிக் கம்பெனி இருந்தால்? அங்கே தபால் வேலை தெரிந்தவர்தான் ராஜா. மெயில்ரூமில் ஆரம்பித்தவர் மெயில்ரூம் வேலைக்காகவே உயர் பதவிக்கு வரலாம்.

நியாயமான வாதம்தான். செலவைக் குறைக்கச் சொல்லி மட்டும் அவர் எழுதவில்லை. அடித்தளத்தில் இருப்பவருக்கு ஒரு ஏணி வேண்டும் என்றும் சொன்னார். 35 வருடம் கழித்து நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த ஏணி வந்ததா?

முதலில் ஆள் வெளியே

மெயில்ரூம்களை எடுத்து நடத்தியவர்களில் முக்கியமான பெயர் பிட்னி போஸ். ஆர்தர் பிட்னி, வால்டர் போஸ் இருவரும் சேர்ந்து 1920-இல் தொடங்கியது. அதே வருடம் அவர்களுடைய ஃபிராங்கிங் இயந்திரத்துக்கு அமெரிக்க அஞ்சல் துறை அனுமதி கொடுத்தது. இயந்திரம் விற்றவர்கள், பிற்பாடு அதை இயக்குகிற ஆளையும் சேர்த்தே கொடுக்க ஆரம்பித்தார்கள். வாடிக்கையாளரின் கட்டடத்துக்குள் இவர்களுடைய ஊழியர்கள் மெயில்ரூம், ஜெராக்ஸ் பிரிவு இரண்டையும் கவனித்துக்கொள்வார்கள்.

2013-இல் பிட்னி போஸ் தன் வட அமெரிக்க நிர்வாகச் சேவைப் பிரிவை அப்போலோ என்ற முதலீட்டு நிறுவனத்தின் நிதிகளுக்கு 400 மில்லியன் டாலருக்கு விற்றது. (நம்ம ஆஸ்பத்திரி அப்போலோ இல்லை.) பெயர் நோவிடெக்ஸ் ஆனது. 2017-இல் நோவிடெக்ஸ் இன்னொரு கம்பெனியோடு இணைந்து எக்செலா ஆனது. 2025-இல் எக்செலாவின் முக்கிய அமெரிக்கத் தொழில் திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயத்தின் கீழ் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. டிரக்கர் சொன்னபடியே தபாலைத் தன் முக்கியத் தொழிலாகக் கொண்ட கம்பெனிதான். ஆனால் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரு ஊழியர், எழுந்திரிக்காமலே பன்னிரண்டு வருடத்தில் இத்தனை பெயர்ப் பலகைகளைப் பார்த்திருக்க முடியும்.

இது கான்ட்ராக்ட் கம்பெனி கைமாறும் கதை. கான்ட்ராக்டே வேறு கம்பெனிக்குப் போனால்? சில வருடங்களுக்கு ஒருமுறை டெண்டர் வரும். புதியவர் ஜெயித்தால் பழைய ஆட்களை வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளாமலும் போகலாம். அமெரிக்க அரசு அலுவலகங்களின் ஒப்பந்தங்களில் இந்த ஒரு விஷயம் பட்ட பாட்டைப் பாருங்கள். பழைய ஊழியர்களுக்கே முதலில் வேலை தர வேண்டும் என்று 1994-இல் கிளின்டன் ஆணை போட்டார். அது கட்டடச் சேவை ஒப்பந்தங்களுக்கு. 2001-இல் புஷ் ரத்து செய்தார். 2009-இல் ஒபாமா இன்னும் விரிவாகத் திரும்பக் கொண்டுவந்தார். 2019-இல் டிரம்ப் ரத்து செய்தார். 2021-இல் பைடன் மறுபடியும் கொண்டுவந்தார். எங்கள் தொழிலில் இதை ஃபீச்சர் ஃபிளாக் என்போம், ஆன் ஆஃப் ஆன் ஆஃப். ஒருவர் பத்து வருடமாக உட்கார்ந்த நாற்காலி அவருடையதா இல்லையா என்பது வெள்ளை மாளிகையில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது!

சம்பளம்? மெயில்ரூமை மட்டும் தனியாக எடுத்த ஆய்வைவிட, பக்கத்து வேலைகளில் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. அரிந்திரஜித் துபே, ஈதன் கப்லான் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கான்ட்ராக்டில் வேலை செய்யும் துப்புரவுப் பணியாளர்களுக்குச் சம்பளம் 4 முதல் 7 சதவீதமும், காவலாளிகளுக்கு 8 முதல் 24 சதவீதமும் குறைவு. ஜெர்மனியில் உணவகம், துப்புரவு, காவல், சரக்கு கையாளல் ஆகிய நான்கு வேலைகளைப் பார்த்த கோல்ட்ஷ்மிட், ஷ்மீடர் ஆய்வு (2017), வேலை வெளியே போனவர்களின் சம்பளம் காலப்போக்கில் 10 முதல் 15 சதவீதம் சரிந்ததாகச் சொல்கிறது. காரணம் பெரிய மர்மம் இல்லை. ஒரே கம்பெனியில் இருக்கும்போது, மேலே இருப்பவருக்கு போனஸ் கொடுத்தால் கீழே இருப்பவருக்கும் கொஞ்சமாவது கொடுக்காமல் இருக்க முடியாது. முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேறு கம்பெனி ஆகிவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை. அவர் இனிமேல் ஒரு இன்வாய்ஸ் வரி.

ஒரு பாக்கி எப்படிக் காணாமல் போனது

சம்பளத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கான்ட்ராக்ட் எதை எண்ணுகிறது என்பது. இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் விசாவோடு குப்பை கொட்டிய நம்மவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய வழக்கு.

கலிஃபோர்னியா ஆரஞ்ச் கவுண்டியில் லகூனா நிகேல் என்ற ஊர். அங்கே வில்லியம் பெரைரா வடிவமைத்த, அடுக்கடுக்காகக் குறுகிப் போகும் பிரமிடு மாதிரியான பெரிய அரசுக் கட்டடம். அதில் அன்றைய குடிவரவுத் துறையின் கலிஃபோர்னியா சேவை மையம் இருந்தது. விசா நீட்டிப்பு, வேலை அனுமதி, குடியுரிமை என்று வருகிற காகிதங்களைப் பிரித்துக் கோப்பில் சேர்க்கும் வேலை ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியிடம் இருந்தது.

2002 ஜனவரியில் எண்ணிப் பார்த்தபோது கோப்பில் சேர்க்காத காகிதங்கள் சுமார் 90,000 இருந்தன. மார்ச் முடிவில் பாக்கி பூஜ்யம். எப்படி? குற்றப்பத்திரிகையின்படி, கான்ட்ராக்ட் கம்பெனியின் மேற்பார்வையாளர்கள் இருவர், ஊழியர்களை வைத்து அவற்றைத் துண்டாக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், அடைக்கலம் கேட்ட மனு எல்லாம் அதில் அடக்கம். பாக்கி தீர்ந்த பிறகும், மறுபடி சேராமல் இருக்க, துண்டாக்கல் தொடர்ந்ததாம். ஏப்ரலில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். 2003 ஜனவரியில் இருவர் மீதும் குற்றம் சாட்டப்பட்டது.

யாரோ இரண்டு பேர் செய்த அயோக்கியத்தனம் என்று இதை ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்கமாட்டேன். டாஷ்போர்டில் சிவப்பு எண்ணைப் பச்சையாக்க என்னவெல்லாம் செய்வார்கள் என்று இருபது வருடமாகப் பார்க்கிறவன் நான். டிக்கெட்டைத் தீர்க்காமல் மூடுவது, மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கச் சொல்வது எல்லாம் எங்கள் ஊர் வழக்கம்தான். கான்ட்ராக்டில் ‘பாக்கி எத்தனை’ என்ற எண் தெரியும். ‘அந்தக் காகிதம் யாருடையது’ என்பது தெரியாது. கெஃபன் ஒரு கடிதத்தை மாற்றினார், அதைத் தனக்காகச் செய்தார், கம்பெனியில் தன் எதிர்காலத்துக்காகச் செய்தார். லகூனா நிகேலில் ஆயிரக்கணக்கான முகம் தெரியாதவர்களின் காகிதம் ஒரு எண்ணுக்காகப் போனது.

பிறகு அறை வெளியே

1990-களில் ஆள்தான் வெளியாள், அறை உள்ளேயே இருந்தது. அதையும் வெளியே தள்ளியது 2001 அக்டோபர். ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் வைத்த கடிதங்களால் 22 பேர் நோயுற்றார்கள், 5 பேர் இறந்தார்கள்.

அக்டோபர் 15 அன்று செனட்டர் டாஷல் அலுவலகத்தில் ஒரு கடிதம் திறக்கப்பட்டது. நாடாளுமன்ற ஊழியர்களுக்கு உடனே பரிசோதனை, மருந்து. அந்தக் கடிதம் கடந்து வந்த பிரென்ட்வுட் தபால் மையம் அக்டோபர் 21 வரை இயங்கிக்கொண்டே இருந்தது. ஒட்டிய உறையிலிருந்து கிருமி வெளியே வராது என்று நிபுணர்கள் நம்பினார்கள். அங்கே வேலை செய்த இரண்டு பேர் 21, 22 தேதிகளில் இறந்தார்கள். அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள்கூட இல்லை, அரசின் தபால் ஊழியர்கள். கடிதத்தைத் திறப்பவர் கணக்கில் வந்தார், கொண்டுவந்தவர் வரவில்லை.

செனட்டர் லேஹிக்குப் போக வேண்டிய இன்னொரு கடிதம் வழிதவறியது. அஞ்சல் குறியீடு 20510 என்பது 20520 என்று படிக்கப்பட்டது. ஒரே ஒரு இலக்கம். அது வெளியுறவுத் துறையின் குறியீடு. கடிதம் வர்ஜீனியாவில் ஸ்டெர்லிங் என்ற இடத்திலிருந்த அந்தத் துறையின் தபால் கிடங்குக்குப் போனது. அங்கே தபால் பிரித்த, கான்ட்ராக்டில் இருந்த 59 வயது ஊழியருக்கு நுரையீரல் ஆந்த்ராக்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வாஷிங்டன் அரசு அலுவலகங்களுக்கான தபால் கதிர்வீச்சில் காட்டப்பட்டே உள்ளே போனது. கட்டடத்துக்கு வெளியே தொலைவில் ஓரிடத்தில் தபாலைப் பிரித்துச் சோதித்து அனுப்புவது பெரிய நிறுவனங்களிடமும் பரவியது. ஆபத்தான வேலை என்று தெரிந்த பிறகு அது தலைமை அலுவலகத்துக்கு இன்னும் கொஞ்சம் தூரமாகப் போனது.

கடைசியில் காகிதமும் வெளியே

மூன்றாவது கட்டம் நமக்குத் தெரிந்தது. உறையைப் பிரித்து, கிளிப்பை எடுத்து, ஸ்கேன் செய்து, படத்தை மட்டும் அனுப்புவது. டிஜிட்டல் மெயில்ரூம் என்று பெயர். கிரீன் கார்டுக்கு மனு போட்டவர்களுக்கு லாக்பாக்ஸ் என்ற சொல் தெரிந்திருக்கும். நாம் அனுப்பும் படிவம் முதலில் போய்ச் சேருவது, கருவூலத் துறை நியமித்த நிதி முகவர் நடத்தும் மெயில்ரூமுக்கு. 2021 ஜனவரியில் அங்கே தேக்கம் வந்தபோது, ரசீது எண் வராமல் எத்தனை வாட்ஸப் குழுக்கள் தவித்தன!

1990-களிலிருந்தே சென்னையில் இந்தப் படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் அலுவலகங்கள் இருக்கின்றன. அமெரிக்க மருத்துவமனைகளின் சிஎம்எஸ்-1500, யுபி-04 படிவங்களை ராத்திரி ஷிஃப்டில் அடித்துப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். படிவத்தை முழுதாகக்கூடக் காட்டமாட்டார்கள். தனியுரிமை, வேகம் இரண்டுக்காகவும் துண்டு துண்டாக வெட்டுவார்கள். ஒருவர் திரையில் பிறந்த தேதி மட்டும், இன்னொருவர் திரையில் தொகை மட்டும். ஒரே கட்டத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள், ஒத்துப்போனால் சரி. அப்படிப்பட்ட ஒரு திட்டத்தில், படிவங்களை இயந்திரமே வகைபிரிக்கும் மென்பொருளில் நானும் கொஞ்ச காலம் வேலை செய்தேன். ஓரங்களில் கையால் எழுதிய வரிகளை ‘இரைச்சல்’ என்று குறித்து நீக்குவது என் பங்கு. அந்த வரிகளில் பாதி, யாரோ ஒரு பாட்டி தன் நிலைமையை விளக்கி எழுதியது.

ஏணி வந்ததா?

கொஞ்சம் வந்தது. கான்ட்ராக்ட் கம்பெனியில் மெயில்ரூம் ஊழியர் சைட் சூப்பர்வைசர் ஆகலாம், நாலைந்து கட்டடங்களுக்கு மேலாளர் ஆகலாம். பழைய மெயில்ரூமில் அதுகூடக் கிடைக்காதவர்கள் உண்டு. அந்த அளவுக்கு டிரக்கர் சொன்னது சரி.

ஆனால் அவர் கணக்கில் இரண்டு விஷயம் விட்டுப்போனது. ஒன்று, ஏணி நிற்க வேண்டுமானால் தரை ஆடாமல் இருக்க வேண்டும். கான்ட்ராக்டும் கம்பெனியும் கைமாறிக்கொண்டே இருந்தால் பத்தாவது வருடமும் முதல் வருடம்தான். இரண்டு, வைன்பெர்க் உயர்ந்தது தபால் பிரிக்கும் திறமையால் மட்டும் இல்லை. பால் சாக்ஸ் அவரைத் தினமும் பார்த்தார். ஒரே கூரை, ஒரே கம்பெனி, ‘இவன் நம்ம பையன்’ என்ற எண்ணம். டேவிட் வைல் 2014-இல் எழுதிய புத்தகத்தில் இப்படிப்பட்ட இடங்களை ‘பிளவுண்ட பணியிடம்’ என்ற பொருளில் அழைக்கிறார். ஒரே கட்டடத்துக்குள் பல முதலாளிகள், பல விதமான ஊழியர்கள்.

2019 மார்ச்சில் கூகுளில் நிரந்தர ஊழியர்கள் 1,02,000 பேர், தற்காலிக மற்றும் கான்ட்ராக்ட் ஆட்கள் 1,21,000 பேர் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அட்டை சிவப்பு நிறம். கிளையன்ட் அலுவலகத்தில் வேறு நிற அட்டையோடு உட்கார்ந்து கோடு எழுதிய அனுபவம் இதைப் படிக்கிற பலருக்கு இருக்கும். டவுன்ஹால் கூட்டத்துக்கு எல்லாரும் எழுந்து போனபோது நாம் மட்டும் சீட்டில் இருந்திருப்போம். அந்தக் கோடு நமக்காக முதலில் கிழிக்கப்பட்டதில்லை. நமக்கு முன்னால் அடித்தளத்தில் தபால் பிரித்தவருக்குக் கிழித்துப் பழகிய கோடு அது.

அடுத்த முறை அலுவலகத்தில் உங்கள் மேஜைக்குப் பார்சல் கொண்டுவருபவரின் அட்டையைப் பாருங்கள். அதில் இருப்பது எந்தக் கம்பெனி பெயர், எத்தனை வருடமாக அதே பெயர் என்று கேளுங்கள். முடிந்தால் இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள். நம்மூர் மெயில்ரூம்களின் கதையை இன்னும் யாரும் எழுதவில்லை என்றால், அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.